கெட்டிக்காரப் பிள்ளையின் கதை

மலையகத்தைக் களமாகக் கொண்டு எழுதப்படும் சிறுகதைகளில் ஒரு பிள்ளை அடிக்கடி வருகிறான். லயத்தில் பிறந்தவன். குப்பி லாம்பு வெளிச்சத்தில் படிப்பவன். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் அந்தத் தோட்டத்திலேயே முதல் ஆளாகச் சித்தியடைகிறான். தாய் தன் தோட்டைக் கழற்றி அடகு வைக்கிறாள். கடைசிப் பக்கத்தில் அவன் டொக்டராகத் திரும்பி வருகிறான், துரை எழுந்து கதிரை கொடுக்கிறார். இதற்கு இன்னொரு வடிவமும் உண்டு. அதிலே தகப்பன் செத்துப்போகிறான், அதே கெட்டிக்காரன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறான், வாசகர் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டும். பதுளை, பண்டாரவளை, வெலிமடைப் பக்கத்து எமது முஸ்லிம் இளைஞர்கள் எழுதும்போது லயத்துக்குப் பதிலாகக் கடையின் பின்னறையும், தோட்டுக்குப் பதிலாக உம்மாவின் காப்பும் வரும். மற்றப்படி கதை அதேதான்.

இவ்விரு கதைகளும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றும். ஆனால் இரண்டும் ஒரே கணக்கில் போடப்பட்டவை. மூளை என்பது உழைப்பு, உலக வெற்றி அதற்குரிய கூலி என்பதே அந்தக் கணக்கு. ஒன்றிலே கூலி கிடைக்கிறது, மற்றதிலே கூலி மறுக்கப்படுகிறது. அப்படியொரு கூலி உண்டா என்று இரண்டுமே கேட்பதில்லை. இந்தக் கேள்வியைக் கேட்பதற்கு ஊவாத் தோட்டங்களைவிடப் பொருத்தமான இடம் இந்த நாட்டில் இருக்குமென்று நான் நினைக்கவில்லை.

முதலில் நடந்ததைப் பார்ப்போம். 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதன் வாசலுக்கு வெளியே, தோட்ட நிர்வாகங்களின் பொறுப்பிலேயே விடப்பட்டன. ஒரு மண்டபம், ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முடிவு என்பதுதான் அவற்றில் பெரும்பாலானவற்றின் நிலைமை. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான். இதற்கிடையில் 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் பெற்றோரை நாடற்றவராக்கிவிட்டது. அரசாங்க உத்தியோகத்துக்குப் பிரஜாவுரிமை வேண்டும். கணக்கில் நூற்றுக்கு நூறு எடுத்த பிள்ளைக்கும் பூச்சியம் எடுத்த பிள்ளைக்கும் அந்த ஒரு விஷயத்தில் வேறுபாடே கிடையாது. சமத்துவம் என்றால் அதுதான் சமத்துவம்!

பின்னர் 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிக்குப் பாதி பங்கிட்டுக்கொண்டன. மடுல்சீமையிலோ லுணுகலையிலோ நமுனுகுலையிலோ ஒரு வகுப்பில் அருகருகே இருந்த இரண்டு கெட்டிக்காரப் பிள்ளைகளில் எவன் பதுளையில் ரயிலேறித் தலைமன்னார் போய்க் கப்பலில் இராமேஸ்வரம் சேர்வான், எவன் இங்கேயே இருப்பான் என்பதை அவர்களுடைய மதிப்பெண் தீர்மானிக்கவில்லை. தகப்பன் எந்த விண்ணப்பத்தில் கைநாட்டு வைத்தான் என்பதே தீர்மானித்தது. போனவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை கொடுப்பதற்காகத் தமிழ்நாட்டு அரசு 1968இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டத் திட்டமொன்றைத் தொடங்கியது. மலை மாறியது, அரசாங்கம் மாறியது. கையில் வந்தது அதே கொழுந்துக் கூடை.

இதெல்லாம் பழைய கதை, இப்போது எல்லோரும் பிரஜைகள்தானே என்று சொல்பவர்கள் உண்டு. 2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு சட்டப்படி அது உண்மை. பல்கலைக்கழக அனுமதியில் கலைப்பிரிவு தவிர்ந்த பெரும்பாலான துறைகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்பது பல ஆண்டுகளாக உள்ள முறை. பதுளையும் பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்று. ஆனால் மாவட்டம் என்பது ஒரே கணக்கு. பதுளை நகரத்தில் மூன்று ரியூஷன் வகுப்புக்குப் போகும் வைத்தியரின் பிள்ளையும், தமிழ்மொழியில் விஞ்ஞானப் பிரிவு உள்ள பாடசாலையைத் தேடி இரண்டு பஸ் மாறும் கொழுந்தெடுப்பவளின் பிள்ளையும் அந்தக் கணக்கில் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். பதுளையில் 2005இல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. பசறை வீதி வழியாகப் போகும் தோட்டத்துப் பிள்ளை அதன் வாசலை பஸ் ஜன்னலுக்குள்ளால் தினமும் பார்க்கலாம்.

இதே மலைகளில் உலக வெற்றி பெற்ற ஒருவரையும் சொல்லியாக வேண்டும். 1890இல் ஹப்புத்தளைப் பக்கத்தில் டம்பத்தென்ன உட்பட்ட தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன், கிளாஸ்கோவில் சிறிய பலசரக்குக் கடை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. பள்ளிக்கூடத்தைச் சிறுவயதிலேயே விட்டவர். (எமது கடைவீதி முதலாளிமார் கேட்டால் சந்தோஷப்படுவார்கள்.) அவர் கூர்மையான ஆள்தான், வியாபாரத்தில் சூரர். ஆனால் அந்தச் சூரத்தனத்துக்குப் பின்னால் கப்பலும் வங்கியும் ஒரு பேரரசும் நின்றன. அன்று டம்பத்தென்னையில் கொழுந்து நிறுக்க வரிசையில் நின்ற பெண்களில் யாருக்கு எப்படிப்பட்ட மூளை இருந்தது என்பதை எந்தப் பதிவேடும் சொல்லாது. செக்ரோலில் எழுதியது எடையை மட்டுமே.

அறிவால் பயனில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் டெர்மன் என்ற உளவியலாளர் 1921இல் அதிபுத்திசாலிப் பிள்ளைகள் என்று சோதனை வைத்து 1,500க்கும் மேற்பட்டோரைத் தெரிந்தெடுத்து, அவர்கள் வளர்ந்து பெரியவர்களாகும் வரை பின்தொடர்ந்தார். பொதுவாகப் பார்த்தால் அவர்கள் மற்றவர்களைவிட நன்றாகவே படித்தார்கள், நன்றாகவே சம்பாதித்தார்கள். ஆனால் டெர்மன் அவர்களுக்குள்ளேயே மிக வெற்றி பெற்றவர்களையும், வெற்றியில் கடைசியாக நின்றவர்களையும் எடுத்து ஒப்பிட்டபோது மூளை அளவில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வித்தியாசம் வீட்டில் இருந்தது. தகப்பனின் படிப்பில், வீட்டிலிருந்த புத்தகங்களில், வளர்த்த விதத்தில். இன்னொரு வேடிக்கை: டெர்மனின் சோதனையில் தேறாமல் கழிக்கப்பட்ட இரண்டு பையன்கள், வில்லியம் ஷொக்லியும் லூயிஸ் அல்வாரெஸும், பின்னர் பௌதிகத்துக்கு நோபல் பரிசு பெற்றார்கள். 2023இல் வெளியான சுவீடன் ஆய்வொன்று சுமார் 59,000 ஆண்களின் இராணுவச் சோதனை மதிப்பெண்களை அவர்களது வருமானத்தோடு ஒப்பிட்டது. ஒரு மட்டம் வரை மூளை ஏற ஏறச் சம்பளமும் ஏறியது. அதற்கு மேல் ஏறவில்லை. மிக மேலே இருந்த ஒரு வீதத்தினர் அவர்களுக்குச் சற்றுக் கீழே சம்பாதித்தவர்களைவிட மதிப்பெண்ணில் கொஞ்சம் குறைவாகவே இருந்தார்கள்.

இது சுவீடனில், எல்லோருக்கும் பாடசாலையும் ஆஸ்பத்திரியும் உள்ள ஒரு நாட்டில் எடுத்த கணக்கு. எங்களிடமோ வீடு என்ற அந்த ஒரு சொல்லிலேயே கதை முடிந்துபோகிறது. தெளிவத்தை ஜோசப்பின் 'மீன்கள்' சிறுகதையைப் படித்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். ஒரே லயக்காம்பிராவுக்குள் வளர்ந்த பிள்ளைகளும் பெற்றோரும் படுத்தெழும்ப வேண்டிய நிலையில் ஒரு தகப்பன் படும் வெட்கம்தான் அந்தக் கதை. அதில் படிப்பைப் பற்றியோ பரீட்சையைப் பற்றியோ பேச்சில்லை. ஆயினும் மலையகக் கல்வியைப் பற்றி எழுதப்பட்ட பல கட்டுரைகளைவிட அந்தக் கதை எனக்கு அதிகம் சொல்கிறது. டெர்மன் தேடிய புத்தக அலுமாரியை அந்த அறையில் எங்கே வைப்பது? ஒருவன் இரவில் படிக்க லாம்பைத் தூண்டினால் எத்தனை பேருடைய தூக்கம் கெடும்? ஜோசப் இந்தக் கேள்விகளை எழுப்பவில்லை. அறையை மட்டும் சரியாகக் காட்டினார், கேள்வி தானாக வந்தது. குப்பி லாம்புக் கதைகளை எழுதுகிற எமது இளைஞர்கள் அந்த லாம்பைச் சுற்றி வேறு யாரும் படுத்திருக்கவில்லை என்பது போலத்தான் எழுதுகிறார்கள்.

இந்த விஷயத்தில் எமது மரபு எமக்குத் தந்திருப்பதை நாம் சரியாகப் பயன்படுத்தவில்லை என்பது என் குறை. இப்னு கல்தூன் 1377இல் எழுதிய 'முகத்திமா'வில் பிழைப்பையும் சம்பாத்தியத்தையும் ஆராயும் பகுதி ஒன்று உண்டு. செல்வத்தைச் சேர்ப்பது அறிவோ திறமையோ மட்டுமல்ல, 'ஜாஹ்' என்னும் அந்தஸ்தே என்று அங்கே அவர் விளக்குகிறார். அந்தஸ்து உள்ளவனுக்கு மற்றவர்கள் கூலியில்லாமல் உழைப்பார்கள், அந்த உழைப்பு அவனுடைய சொத்தாகச் சேரும். அந்தஸ்தைப் பெறுவதற்கோ மேலே இருப்பவனுக்குப் பணிந்து போகவும் முகஸ்துதி செய்யவும் தெரிய வேண்டும். தன் கல்வியிலும் கலையிலும் பெருமை கொண்டவன் அதைச் செய்ய மாட்டான், அதனால் பின்தங்கிப் போவான். காழி, முஃப்தி, ஆசிரியர், இமாம் போன்றோர் பெரும்பாலும் செல்வந்தராவதில்லை என்பதற்குத் தனியே ஓர் அத்தியாயம் வைத்திருக்கிறார். ஃபெஸ், கிரனாடா, தூனிஸ், கெய்ரோ என்று அரசவைகளில் இருந்து, சிறையும் கண்ட ஒருவர் எழுதியது இது. கங்காணியையும் கணக்கப்பிள்ளையையும் அவர் கண்டதில்லை. ஆனால் பெரட்டுக்களத்தில் யாருக்கு நல்ல மலை கிடைக்கும், யாருக்குப் புல்லு மண்டிய மலை கிடைக்கும் என்பதை அந்த அத்தியாயத்தைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கிவிடலாம்.

அதற்கும் முன்னால் காரூன் இருக்கிறான். ஸூறத்துல் கஸஸில் அவன் சொல்லும் நியாயத்தை நாம் ஜும்ஆப் பிரசங்கங்களில் செல்வச் செருக்குக்கு உதாரணமாக மட்டும் கேட்டுப் பழகிவிட்டோம். கவனித்தால் அவன் பணத்தைப் பற்றிப் பெருமையடிக்கவில்லை. தன்னிடமுள்ள அறிவினால்தான் அது தனக்குக் கிடைத்தது என்கிறான். அந்த அறிவு எது என்பதில் முஃபஸ்ஸிரீன்களிடையே கருத்துகள் பல. இரசவாதம் என்றார்கள் சிலர், வியாபார நுட்பம் என்றார்கள் சிலர், தவ்றாத்தின் ஞானம் என்றும் சொன்னார்கள். எதுவாயினும் மூளைக்குக் கூலி என்ற கணக்கை முதலில் வாய்விட்டுச் சொன்னவன் அவன்தான். அதே இடத்தில் அவனது ஆடம்பரத்தைக் கண்டு ஏங்கியவர்களை எச்சரித்தவர்களும் அறிவு கொடுக்கப்பட்டவர்கள் என்றே குறிக்கப்படுகிறார்கள் என்பது கவனத்துக்குரியது. அறிவு இரு பக்கமும் நிற்கிறது. எமது கதாசிரியர்கள் காரூனை வெறுத்துக்கொண்டே அவனுடைய கணக்கை மட்டும் வைத்துக் கதை எழுதுகிறார்கள் என்று சொன்னால் கோபப்படுவார்கள். கோபப்பட்டாலும் அது அப்படித்தான்.

எமது முதல் நாவலே இந்த விஷயத்தில் எங்களைவிடத் தெளிவாக இருந்தது. சித்திலெப்பையின் 'அசன்பே சரித்திரம்' 1885இல் வந்தது. எகிப்திலிருந்து குழந்தையாகக் கடத்தப்பட்டுப் பம்பாயில் வளர்ந்த பையன் உயர்நிலை அடைகிறான். அவன் கெட்டிக்காரன், நற்குணமுள்ளவன், உண்மைதான். ஆனால் சித்திலெப்பை அந்தக் கெட்டித்தனத்தைத் தனியே நடக்க விடவில்லை. பெரிய மனிதர்களின் ஆதரவைக் கொடுத்தார், கடைசியில் உயர்குடிப் பிறப்பையும் கொடுத்தார். இதைப் பழைய அற்புதக் கதைப் பாணி என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். கண்டியில் சட்டத்தரணியாக இருந்து, முஸ்லிம் பிள்ளைகளுக்குப் பாடசாலை வேண்டுமென்று ஊர் ஊராகப் பேசித் திரிந்த ஒரு மனிதருக்கு, புத்தி மட்டும் ஒருவனை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பது தெரிந்திருந்தது என்றே நான் அதைப் படிக்கிறேன்.

இனி ஜோசப்பையே எடுத்துக்கொள்வோம். 1934இல் ஹாலிஎல அருகே ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் பிறந்தவர். தகப்பனார் தோட்டப் பாடசாலை ஆசிரியர். அதாவது டெர்மன் சொன்ன அந்தப் புத்தகமுள்ள வீடு, லயத்துக்குப் பக்கத்தில் சிறிய அளவிலாவது அவருக்கு வாய்த்தது. சில ஆண்டுகள் கும்பகோணத்திலும் பின்னர் பதுளையிலும் படித்தார். தெளிவத்தைத் தோட்டத்தில் வேலை பார்த்தார், அந்தத் தோட்டத்தின் பெயரே அவருடைய பெயராயிற்று. 'காலங்கள் சாவதில்லை' 1974இலும், 'நாமிருக்கும் நாடே' 1979இலும் வந்தன. மலையகச் சிறுகதையின் வரலாற்றை 2000இல் நூலாக எழுதினார். ஈழத்துச் சிறுகதையில் அவருடைய இடத்தை மறுப்பவர் யாருமில்லை. அவர் சாப்பிட்டது எதனால்? கொழும்பில் ஓர் இனிப்புப்பண்டக் கம்பனியில் கணக்கு எழுதி. தமிழ்நாட்டின் விஷ்ணுபுரம் விருது அவருக்கு வந்தது 2013இல், எழுபத்தொன்பது வயதில். 2022 ஒக்டோபரில் காலமானார்.

இதை ஒரு சோகக் கதையாக நான் சொல்லவில்லை. அவரும் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தவரல்ல. கம்பனிக் கணக்கை ஒழுங்காக எழுதிய அதே கை, மலையகத்தின் சிறுகதைகளைத் தேடித் தொகுக்கவும் செய்தது. 1997இல் அவர் தொகுத்த 'உழைக்கப் பிறந்தவர்கள்' வெளிவருவதற்குத் துரை விஸ்வநாதன் என்ற வர்த்தகர் ஒருவர் பதிப்பகம் நடத்திக் காசு போட வேண்டியிருந்தது. இப்னு கல்தூன் உயிரோடிருந்தால் தலையாட்டியிருப்பார். அறிவு அங்கே இருந்தது, அந்தஸ்து இன்னொருவர் கையில் இருந்தது, இரண்டும் சந்தித்ததால் பல எழுத்தாளர்கள் ஒரு புத்தகத்துக்குள் வந்தார்கள். கணித மேதை இராமானுஜனுக்கும் இதுதானே நடந்தது? கல்லூரிப் பரீட்சையில் தோற்று, 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு கிளாக்கராக இருந்தவருக்கு முதலில் உள்ளூர்க் கனவான்களும் பிறகு கேம்பிரிட்ஜின் ஹார்டியும் கதவைத் திறந்தார்கள். கதவைத் திறந்தவர்களைக் கழித்துவிட்டு மேதையை மட்டும் கொண்டாடுவதுதான் எமது பாடப்புத்தகங்களின் வழக்கம், சிறுகதைகளின் வழக்கமும் அதுவே.

இத்தகைய கதைகள் பிள்ளைகளுக்கு நம்பிக்கை தருகின்றன, அதைக் கெடுக்கலாமா என்று எழுத்தாளர் நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அந்த நம்பிக்கை யாருக்கு? வகுப்பில் நாற்பது பேர் இருந்தால் முதல் பிள்ளைக்கு. மற்ற முப்பத்தொன்பது பேரிடமும் அந்தக் கதை சொல்வது, நீங்கள் லயத்தில் கிடப்பதற்குக் காரணம் உங்கள் மூளை என்பதைத்தான். காம்பிராவின் அகலமும் பாடசாலையின் ஓட்டைக் கூரையும் 1948ஆம் ஆண்டுச் சட்டமும் தப்பித்துக்கொள்கின்றன. டொக்டராகத் திரும்பி வந்தவனுக்குத் துரை கதிரை கொடுக்கிற காட்சியில் கதிரை இல்லாமல் நிற்கிற அவனுடைய தகப்பனை எழுத்தாளரே மறந்துவிடுகிறார்.

இன்னொன்றும் உண்டு. இந்தக் கெட்டிக்காரப் பிள்ளை ஏன் எப்போதும் ஆண்பிள்ளை? எமது பக்கத்தில் எட்டாம் வகுப்புவரை முதலாம் இடத்தில் இருந்த பிள்ளைகள் பெண்களாகவே இருந்தார்கள் என்பதைப் பதுளையிலோ குருத்தலாவையிலோ படித்த எவரும் ஒப்புக்கொள்வார்கள். அவர்கள் எங்கே போனார்கள் என்பதை எழுத ஆளில்லை. நயீமா சித்தீக்கும் அல் அஸூமத்தும் தோட்ட வாழ்வை எழுதி எமக்கு வழி காட்டியிருக்கிறார்கள். அந்த வழியில் அடுத்த அடி வைக்க வேண்டியவர்கள் பரிசுக் கதைக்கு ஆசைப்பட்டுப் பழைய இடத்திலேயே நிற்கிறார்கள்.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு தோட்டத்திலும் ஓரிருவர் இருந்தார்கள். இந்தியாவிலிருந்து வந்த கடிதத்தை வாசித்துச் சொல்வார்கள், பதில் எழுதிக் கொடுப்பார்கள், கடையின் கடன் கொப்பியில் கூட்டல் சரியா என்று பார்ப்பார்கள், பிரஜாவுரிமை விண்ணப்பங்களை லயம் லயமாக நிரப்பிக் கொடுப்பார்கள். சிலர் ஆண்கள், சிலர் பெண்கள். பரீட்சை எதிலும் பெயர் வராதவர்கள், டொக்டராகாதவர்கள், கோப்பை கழுவப் போகாதவர்கள். விடிந்தால் மற்றவர்களோடு மலைக்குப் போனவர்கள். எங்கள் கடைவீதிக் கடன் கொப்பிகளில் பென்சிலால் திருத்திய கூட்டல்களை நானே பார்த்திருக்கிறேன், திருத்தியது முதலாளியல்ல. அந்தப் பென்சில்காரர்களில் ஒருவரைக்கூட நான் படித்த சிறுகதைகளில் இன்னும் சந்திக்கவில்லை.